யோகேஸ்வரி மாமியின் தொண்டை

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில் இருக்கும் யோகேஸ்வரி மாமிக்குப் போன் எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பல்கனியில் நின்று கதைத்தாலே கனடாவில் இருக்கும் மகனுக்குக் கேட்கும். நானே ஃபிளாட் கமிட்டியிடம் முறையிட்டிருக்கிறேன்.

அந்தத் தொண்டைக்கு வேலை வந்தது மாமியின் தம்பி மகள் ஹம்சிகாவால். கூட வேலை செய்தவளுக்குத் தன் பெயரில் சிம் எடுத்துக் கொடுத்த பாவத்துக்கு, அது ஏதோ மோசடியில் மாட்டிக்கொள்ள, அவள் விளக்கமறியல் சிறையில் இருந்தாள். மாமி கிழமைக்கொரு தரம் பார்க்கப் போவார். கொண்டுபோகும் சாப்பாட்டைக் கொண்டுபோனவரே வாசலில் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். சவர்க்காரத்தை வெட்டிப் பார்ப்பார்கள். மாமிக்குச் சீனி வருத்தம். ஆனாலும் இனிப்பான தொதலை மட்டும் இரண்டு துண்டு சாப்பிட்டுக் காட்டுவார், அரசாங்கத்துக்குச் சந்தேகம் வரக் கூடாதாம்.

பிரச்சினை, மாதவிடாய்க்கு வைக்கும் பேட். ஷெல்டன் என்ற காவலர் அதையும் சவர்க்காரம் போல ஒவ்வொன்றாக வெட்டி, பஞ்சு பறக்க உள்ளே அனுப்பினார். அது ஒன்றுக்கும் உதவவில்லை. வழக்கு நாளில் ஹம்சிகா சட்டையில் கறை தெரியுமோ என்று பயந்து, கூண்டின் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். நேராக நிற்கச் சொல்லி நீதவான் அதட்டினார். கம்பி வலைக்குப் பின்னால் நின்று இதைச் சொல்லி அழுதவள், அடுத்த வழக்குத் தவணையும் அந்த நாட்களில்தான் விழுகிறது என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்காகவே ஏதோ ஒரு பெண்கள் அமைப்பின் கருத்தரங்குக்கு மாமி போயிருந்தார். சிறையில் இருக்கும் பெண்களுக்கு இதை இலவசமாகவே கொடுக்க வேண்டும் என்ற ஐ.நா. விதி, பிரியாணியோடு சேர்ந்து மனதில் பதிந்திருந்தது. அடுத்த முறை பேட் கொண்டுபோனபோது அதை ஷெல்டனிடம் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். அப்படியென்றால் ஐ.நா.விடமே போய் வாங்கச் சொல்லிவிட்டு அவர் கத்தியை எடுத்தார்.

மாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோற்றைச் சாப்பிட்டுக் காட்டிவிட்டேன், இதை எப்படிப் பாவித்துக் காட்ட வேண்டுமென்று நீங்களே சொல்லுங்கள் என்று வரிசை முழுக்கக் கேட்கக் கேட்டார்.

வரிசையில் நின்ற ஆண்கள் வானத்தைப் பார்த்தார்கள். பெண்கள் ஷெல்டனைப் பார்த்தார்கள். மாமி பதிலுக்குக் காத்திருக்காமல், பாவிக்கும் முறையை ஆதியிலிருந்து விளக்கத் தொடங்கினார். ஷெல்டன் பாதியிலேயே ஓடிப்போய் ஒரு பெண் அதிகாரியைக் கூட்டி வந்தார். அவர் பைக்கற்றைத் தடவிப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு முழுசாகவே உள்ளே அனுப்பினார்.

தவணை முடிந்து மாமி போய்ப் பார்த்தபோது, பிணை கிடைத்திருக்கவில்லை. வழக்கு இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போயிருந்தது. ஆனால் ஹம்சிகா அழவில்லை.

"இந்த முறை நேரா நிண்டனான், மாமி," என்றாள்.

அன்று பின்னேரம் பல்கனியில் நின்று மாமி இதை மகனுக்குச் சொன்னது காலி வீதி வரைக்கும் கேட்டது. நான் யன்னலைச் சாத்தவில்லை.