பீரங்கிக்குக் கொசுறு

தண்டையார்ப்பேட்டையில் அத்தாவுல்லா பாயிடம் தொழில் என்னவென்று கேட்டால், "போர் விமானத்துல கீறேன்" என்பார். கையில் கோழி இருக்கும். அதைக் கண்டுகொள்ளக் கூடாது.

முழுப் பொய்யும் இல்லை. பறக்கிற விமானத்தில் பருந்து மோதினால் முன்கண்ணாடி நொறுங்கிப் பைலட்டின் கதை முடிந்துவிடும். அதனால் புது விமானத்தைப் படையில் சேர்க்கும் முன், செத்த கோழியைக் காற்றழுத்தப் பீரங்கியில் வைத்துக் கண்ணாடிமேல் சுட்டுப் பார்ப்பார்கள். எண்ணூர்ப் பக்கம் அப்படியொரு சோதனைக்கூடம். கோழி பாய் கடையிலிருந்து. இறகோடு, சரியாக ஒரு கிலோ எண்ணூறு கிராம் எடையில், அவர்கள் கொடுத்த துணிப்பையில் கட்டித் தரவேண்டும். பையோடுதான் சுடுவார்கள்.

ஆர்டர் வந்த அன்றே பாய் பலகை மாட்டிவிட்டார்: "போர் விமானங்களுக்குக் கோழி சப்ளை செய்யப்படும்." எதிர்க் கோழிக்கடை பிரகாஷுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆனால் பாயின் கைக்கு ஒரு பழக்கம். எடை மெஷின் என்ன காட்டினாலும், கடைசியில் பைக்குள் இரண்டு ஈரல் விழும். கொசுறு. அதற்காகவே நான் பக்கத்துக் கடையைத் தாண்டி அங்கே போகிறேன்.

முதல் கோழி போனதும் பொறியாளர் தேவப்பிரியம் மேடம் போன் செய்தார்.

"பாய், கண்ணாடி விரிஞ்சுபோச்சு. அதுமேல கோழி ஒண்ணு, ஈரல் மூணு ஒட்டிக்கிட்டிருக்கு. எப்படி?"

"ரெண்டு கொசுறு மேடம். நம்ம கட வழக்கம்."

"பீரங்கிக்கு எதுக்குங்க கொசுறு? தப்பு கண்ணாடி மேலயா, ஈரல் மேலயான்னு தெரியாம முழிக்கிறோம். இன்னொரு தடவை இப்படின்னா எதிர்க்கடையில வாங்கிக்குவோம்."

பலகையைக் கழற்றினால் பிரகாஷ் முகத்தில் எப்படி விழிப்பது? அடுத்த கோழியைக் கட்டும்போது மனைவி ஜன்னத் பக்கத்திலேயே நின்று, அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ஈரலாண்ட கை போச்சு, அவ்ளோதான்" என்றார். பாய் பையை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் எண்ணூர் போய், கேட்டுக்கு வெளியே காத்து நின்றார். உள்ளே டமார் என்று ஒரு சத்தம்.

மேடம் சிரித்துக்கொண்டே வந்தார். "சின்னக் கீறல்கூட இல்ல, பாய்!"

பாயின் முகம் தொங்கிவிட்டது. "நல்ல கோழி மேடம் அது. ஒண்ணுமே பண்ணலையா?"

"ஒண்ணும் பண்ணலன்னாத்தான், அந்தக் கண்ணாடிக்குப் பின்னால உட்கார்ற பிள்ளை வூடு திரும்பும்."

பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. இதை என்னிடம் சொல்லும்போதும் கலங்கியது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரை கிலோ வாங்கப் போனேன். மெஷின் ஐந்நூறு காட்டியது. பாய் பையைக் கட்டி நீட்டினார்.

"இன்னா பாய், ஈரல்?"

"அதெல்லாம் இனிமே கெடையாது நைனா. எட கரீட்டா இருக்கணும். உசுரு சமாச்சாரம்."

"யார் உசுரு? நான் கொழம்புதான வைக்கப்போறேன்!"

பாய் அடுத்த ஆளுக்கு எடை போட்டார். எதிர்க்கடையில் பிரகாஷ் என்னைப் பார்த்துக் கை நிறைய ஈரலைத் தூக்கிக் காட்டினான்.