ஒச்சாயி வைக்காத ரேகை

செக்கானூரணிக்கு மேற்கே ஒச்சாயி வீட்டுக்குக் கடுதாசி கொண்டுவரும் தபால்காரர் கொஞ்சம் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். உறையைப் பிரித்ததுமே அவள் கடுதாசியைக் கையில் வாங்கி அடியில் பார்ப்பாள். அவள் புருஷன் விருமாண்டிக்கு எழுதத் தெரியாது. பட்டாளத்தில் யாராவது எழுதிக் கொடுக்க, அவன் கீழே இடது கட்டைவிரல் ரேகையை வைத்து அனுப்புவான். கரும்பு வெட்டுகையில் அரிவாள் பட்ட தழும்பு, ரேகைக்குக் குறுக்கே வெள்ளைக் கோடாக விழுந்திருக்கும். அதைப் பார்த்த பிறகுதான், "இப்பப் படிங்கண்ணே" என்பாள்.

இத்தனைக்கும் ரேகை என்றாலே விருமாண்டிக்கு வேப்பங்காய். குற்றப் பரம்பரை என்று சொல்லி ஊர் ஆண்களையெல்லாம் ரேகைச் சட்டத்தில் கட்டிப்போட்டிருந்த காலம் அது. தப்பு செய்தவன், செய்யாதவன் என்ற வித்தியாசமெல்லாம் சர்க்காருக்குக் கிடையாது. போலீசில் பத்து விரலையும் உருட்டிக் கொடுத்துவிட்டு வந்த அன்று அவன் சோற்றைத் தொடமாட்டான். அப்பேர்ப்பட்டவன் பெண்டாட்டிக்கு மட்டும் கேட்காமலே விரலை நீட்டினான். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

நாற்பத்திரண்டில், எகிப்துப் பக்கத்துச் சண்டைக்குப் பிறகு கடுதாசி நின்றுபோனது. ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தது. சில மாதம் கழித்துக் கொழுந்தன் மொக்கையன் ஒரு காகிதமும் மைப்பெட்டியுமாக வந்தான். கெட்டவன் இல்லை. அண்ணன் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாதே என்ற கவலைதான்.

"அண்ணன் செத்துட்டாருன்னு இதுல ரேகை வச்சுக் குடுத்தா பென்சன் கேக்கலாம் மதினி. எம்புட்டு நாளைக்குத்தான் தாலியோட இருப்பீக?"

"மாட்டைக் காணோம்னா தேடுவியா, குழி வெட்டுவியா?"

மொக்கையன் மைப்பெட்டியை மூடினான்.

"காணோம்னுதான தம்பி எழுதியிருக்கு. நான் ரேகை வச்சா, அவரக் கொன்னது நானாயிரும்."

ஊர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றது. அவளோ தாலி வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டே களையெடுக்கப் போனாள். உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் தாலியைக் கையில் பிடித்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம், அயல்நாட்டு முத்திரையோடு ஓர் அட்டை வந்தது. மொக்கையன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். ஒச்சாயி அட்டையை வாங்கி அடியில் பார்த்தாள். மை அங்கங்கே கலங்கியிருந்தது. ஆனாலும் குறுக்குக் கோடு அப்படியே இருந்தது.

"இப்பப் படிங்கண்ணே."

இத்தாலிக்காரன் சிறையில் இருப்பதாகவும், உயிருக்கு ஆபத்தில்லை என்றும் எழுதி, செவலைப் பசு கன்று போட்டதா என்று கேட்டிருந்தான்.

ஒச்சாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொழுந்தனைப் பார்த்தாள்.

"தம்பி, உங்க அண்ணனுக்கு மறுகடுதாசி எழுதணும். அந்த மையக் கொண்டா. இப்ப வைக்கிறேன் ரேகை."