நூர் முகமது ஏற்றி வந்த பாப்பா

ஓசூர் டாக்சி ஸ்டாண்டில் திருப்பதிக்கு வண்டி வேண்டும் என்றால் ஜனங்கள் நூர் முகமதுவைத்தான் தேடுவார்கள். ஊத்தங்கரையிலிருந்து பிழைக்க வந்த மனிதர். அம்பாசிடரைக் கண் மாதிரி வைத்திருந்தார். ஒரே ஒரு வியாதி, வாய்! "ஏத்துன தலைய எண்ணிப் பாத்து எறக்கறவன் நானு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அதுவரை பீற்றலுக்குக் குறை ஒன்றும் வந்ததில்லை.

எண்பத்தாறில் கங்கப்பனுக்குக் கம்பெனியில் வேலை நிரந்தரமானது. பாப்பாவோடு சேர்த்து மூன்று பேருக்கும் முடி எடுப்பதாக அவன் மனைவி தங்கமணி வேண்டியிருந்தாள். பஸ்ஸில் போனால் நிரந்தரத்துக்கு என்ன மரியாதை? நூர் முகமதுவின் வண்டியைப் பிடித்தார்கள். பச்சைப் பாவாடை கட்டிய இரண்டு வயதுப் பாப்பா கிருஷ்ணகிரி வருவதற்குள் தூங்கிவிட்டது.

மலைமேல் தரிசனம் முடிய மாலையாகிவிட்டது. தூறல் வேறு. டீ குடித்துவிட்டு வண்டிக்கு வந்த நூர் முகமது, அதன் பக்கத்தில் பாப்பா நின்று தேம்புவதைப் பார்த்தார். மொட்டைத்தலை, தலை நிறையச் சந்தனம், பச்சைப் பாவாடை. லட்டு வாங்குகிற அவசரத்தில் பெற்ற பிள்ளையையா விடுவார்கள் என்று எரிச்சல் வந்தது அவருக்கு. பிஸ்கட் கொடுத்துப் பின் சீட்டில் படுக்க வைத்துத் துண்டைப் போர்த்திவிட்டார்.

தூறலுக்கு முடி எடுக்கிற மண்டபத்தில் ஒதுங்கியிருந்தவர்கள், தூங்கின பாப்பா அவளிடம் இருக்கும் என்று கங்கப்பனும், அவனிடம் இருக்கும் என்று தங்கமணியும் ஆளுக்கொரு பக்கமாக வந்து சேர்ந்தார்கள். வாயைத் திறக்குமுன் நூர் முகமது முந்திக்கொண்டார்.

"பாப்பா அப்பவே வந்து தூங்கிட்டா. ஏறுங்க, மழ வலுக்குது."

தங்கமணி இருட்டில் அந்தச் சந்தனத் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வண்டி இறங்கியது.

அடிவாரத்தில் ஒரு டீக்கடை வெளிச்சத்தில் வண்டி நின்றபோது பிள்ளை விழித்தது. தங்கமணியைப் பார்த்து வீரிட்டது. தங்கமணி அதன் காதைத் தொட்டுப் பார்த்தாள். தோடு இல்லை, காதே குத்தவில்லை.

"பாய்... இது எங்க பாப்பா இல்ல பாய்!"

நூர் முகமது வண்டியை மறுபடி மலைக்குத் திருப்பினார். இவர்கள் பிள்ளை அந்த மலையில் யார் கையில் கிடக்கிறதோ! இங்கே யார் பெற்ற பிள்ளையோ தன் வண்டியில்!

"எண்ணிப் பாத்து எறக்கறவன்னு சொன்னியே பாய்!" வழி முழுக்கக் கங்கப்பன் கத்தினான். தங்கமணி வாயில் புடவையைத் திணித்துக்கொண்டு விம்மினாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நூர் முகமதுவின் வாய் அன்று ஒட்டிக்கொண்டது. மேலே ஏறுகிற ஒவ்வொரு வளைவும் அவரைக் கொன்றது.

முடி எடுக்கிற மண்டபத்தின் படியில் கூட்டம். நடுவில் மொட்டையடித்த ஒரு பெண், தங்கமணியின் பாப்பாவை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெங்கடம்மா என்று பேர், சித்தூர்ப் பக்கம். நாவிதர் முன் அவள் தலை குனிந்திருந்த நேரத்தில்தான் அவள் பிள்ளை நழுவிப்போயிருக்கிறது. தேடி ஓடியபோது இந்தப் பிள்ளை தூணோரம் தனியாகத் தூங்கிக் கிடந்ததாம். எத்தனையோ பேர் கேட்டும் அவள் தரவில்லை.

"இதப் பெத்தவ கிட்டத்தான் எம்புள்ள இருக்கும்" என்று தெலுங்கில் ஒரே பிடிவாதம்.

தங்கமணி ஓடிப்போய் விழுந்து பாப்பாவை வாரிக்கொண்டாள். வெங்கடம்மா எழுந்து, நூர் முகமதுவின் தோளில் இருந்த தன் பிள்ளையிடம் கையை நீட்டினாள்.

பிள்ளை அவளைப் பார்த்தது. அலறிக்கொண்டு நூர் முகமதுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

வெங்கடம்மா அப்படியே நின்றுவிட்டாள். கூட்டத்தில் ஒருவன் நூர் முகமதுவின் சட்டையைப் பிடித்தான். "யாருய்யா நீ? பேரென்ன?"

"நூர் முகமது."

சட்டையில் இன்னும் இரண்டு கைகள் விழுந்தன. செத்தோம் என்று நினைத்தார். ஆனால் அவருக்கு எதிரே, பெற்ற பிள்ளையே தன்னைக் கண்டு பயப்படுகிறதே என்று வாய் கோணி அழுகிற முகத்தைப் பார்க்கத் தாளவில்லை. மழமழவென்று இருந்த அந்தத் தலை அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. இதுவரை பிள்ளை பார்த்த அம்மாவுக்குக் கூந்தல் இருந்திருக்கும்!

"தலைய மூடும்மா!" தெலுங்கில் கத்தினார். "முந்தானையப் போட்டு மூடு! அப்பறமா கூப்புடு!"

வெங்கடம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டாள். "புஜ்ஜி" என்றாள்.

கழுத்தை இறுக்கியிருந்த பிஞ்சுக் கை தளர்ந்தது. பிள்ளை திரும்பிப் பார்த்தது. இன்னொரு தடவை பார்த்தது. பிறகு ஒரே தாவாகத் தாவியது.

சட்டையைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. வெங்கடம்மா ஒரு கையால் பிள்ளையையும் மறு கையால் முந்தானையையும் விடாமல் பிடித்தபடி அங்கேயே நின்றாள், காற்று அதைத் தள்ளிவிடுமோ என்று பயந்தவளாக. நூர் முகமது ஈரப்படியில் உட்கார்ந்து, ஊரே பார்க்க ஓவென்று அழுதார்.