தாழ்ப்பாளில் வைத்த கை

வீடு மாற்றும் வேனில் கயிறு கட்டுவது அவள் வேலை, ஓட்டுவது கணவன். சுமை தூக்குகிறவர்களுக்கு அவள் கயிறக்கா. கல்யாணத்துக்கு முன் தையல் கடையில் பொத்தான் தைத்தவள். அவளைத் துணிச்சல்காரி என்று சொல்லிவிட முடியாது. கரப்பானைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவள். தான் கட்டிய சுமைக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் ஒருவராலும் அவளை அசைக்க முடியாது.

ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் வேனை நிறுத்திப் பின்கதவைத் திறக்கச் சொன்னபோது, "தாராளமா பாருங்க சார்" என்றான் கணவன். திறந்த வேகத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று சாலையில் விழுந்து தூளாகிப் போனது. அதன் சொந்தக்காரி ஒரு வக்கீல். கண்ணாடிக்காகத் திட்டுவாள் என்று இருவரும் தலைகுனிந்து நிற்க, அவள் அந்தத் 'தாராளத்துக்காக'த் திட்டினாள். போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தலாம், உரிமம் கேட்கலாம். மூடிய கதவைத் திறக்கத் தக்க காரணம் வேண்டும். காரணம் இல்லாதபோது அவர்களுக்குத் தேவை உங்கள் சம்மதம். அதை நீங்களே தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள். சம்மதம் இல்லையென்றால் வாயால் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், மல்லுக்கு நிற்காதீர்கள் என்றாள். கயிறக்கா அதை மனதில் முடிந்துகொண்டாள்.

இன்று வேனில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி. பாலத்தின் ஏற்றத்தில் இன்ஸ்பெக்டர் கைகாட்டினார். வேன் ஒரு சாண் பின்னால் உருண்டு நின்றது. பின்விளக்கு ஒன்று எரியவில்லையாம். கணவன் உரிமத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

வண்டி நின்றால் அவள் இறங்கிப் பின்னால் போய்த் தாழ்ப்பாளைத் தூக்குவாள். இத்தனை வருஷப் பழக்கம். இன்றும் கை அதைச் செய்துவிட்டது. மேல் தாழ்ப்பாள் விலகியதும் கதவு வெளியே பிதுங்கியது. வேன் உருண்டதில் கயிறு தளர்ந்து, அலமாரி கதவில் சாய்ந்திருக்கிறது. தோளைக் கொடுத்துத் தாங்கினாள்.

"என்னம்மா, நீங்களே திறந்துட்டீங்க. அப்ப பாத்துடலாமே" என்றபடி இன்ஸ்பெக்டர் பின்னால் வந்தார்.

கூடவே வந்த கணவன், "தாரா..." என்று ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கினான்.

"மன்னிச்சிடுங்க சார். வண்டி நின்னா கை தானா இங்க வந்துடும், அது தொழில். திறந்து பாக்க எங்க சம்மதம் இல்ல."

"உள்ள எதையாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

"ஒளிச்சு வெச்சவ கை தாழ்ப்பாளுக்குப் போகுமா சார்? விளக்குக்கு அபராதம் போடுங்க, கட்டிடறோம். கதவுக்கும் காரணம் இருந்தா சொல்லுங்க, ஒதுங்கி நிக்கறேன். ஆனா இந்த ஏத்தத்துல திறந்தா டீச்சரோட அலமாரி உங்க மேலதான் விழும்."

அவர் கெட்டவர் இல்லை. 'திறந்து காட்டுறீங்களா' என்று தினமும் கேட்கிறவர். தினமும் ஒரே பதில் வந்ததால் அது கேள்வி என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கதவையும் அவள் தோளையும் மாறி மாறிப் பார்த்தார். காரணத்தைத் தேடியிருப்பார், ஒரு விளக்குக்கு மேல் எதுவும் அகப்படவில்லை.

"உங்க வீட்டுக்காரர் பேசவே மாட்டாரா?"

"அவர் பேசினா ஏதாவது உடையும் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாழ்ப்பாளைப் போட அவள் தம் பிடித்துத் தள்ளியபோது, தன்னையறியாமல் அவரும் கதவில் கைகொடுத்து அழுத்தினார். கொண்டி 'டக்'கென்று விழுந்தது. விளக்குக்கு மட்டும் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

டீச்சர் வீட்டுத் தெரு சமதளம். கணவனும் அங்கே காத்திருந்த சுமைக்காரர் இருவரும் கதவைத் தாங்கிப் பிடிக்க, ஒரு விரல் அகலம் திறந்து கையை நுழைத்து, தளர்ந்த கயிற்றை இழுத்துக் கட்டினாள். பிறகுதான் கதவை முழுக்கத் திறக்கவிட்டாள். கண்ணாடியில் கீறல்கூட இல்லை.

ஏன் இவ்வளவு தாமதம் என்று டீச்சர் முணுமுணுத்தார்.

"ஆமா டீச்சர், வழியில கொஞ்சம் பேச்சு" என்றபடி கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.