பழிவாங்க ஆறு கம்பி

கிட்டாரில் ஒரு சுரம்கூட எடுக்கத் தெரியாமல், கிட்டார் வாசித்தே ஒருவரைப் பழிவாங்கக் கிளம்பிய முட்டாள் நான். அதுவும் யாரை? இருபது வருடமாகக் கிட்டாரோடு குடித்தனம் நடத்துகிறவரை.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் துணி விளிம்பு தைப்பது என் பிழைப்பு. கோயில் விசேஷம் வந்தால் மாஸ்டரின் இசைக்குழுவில் தபேலா. குழுவுக்குச் சொந்தக்காரரும் அவரே, கிட்டார்காரரும் அவரே. ஒருநாள் ஒத்திகைக்குப் போனால் என் இடத்தில் தட்டு அகலத்துக்கு, தானே தாளம் போடும் ரிதம் பேட் ஒன்று உட்கார்ந்திருந்தது. எல்லோரும் பார்க்க, மாஸ்டர் சிரித்த முகத்தோடு சொன்னார்: “விரலுக்கு ரெஸ்ட் குடுங்க தம்பி. இதுக்கு ஒரு பட்டனைத் தட்டுனாப் போதுமுங்க, டீகூட வாங்கித் தர வேண்டீதில்லீங்க.” எங்கள் ஊரில் கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார்கள். குழுவே சிரித்தது. வெட்கங்கெட்டு நானும் சிரித்தேன். என்னையும் சிரிக்க வைத்தாரே, அதற்காகத்தான் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவர் வாத்தியத்தை என் விரலால் வாசித்து, அவர் வாயாலேயே ‘நல்லாருக்குதுங்க’ என்று சொல்ல வைக்கவேண்டும். முறையாக மீட்டக் கற்றால் ஆயுள் போதாது. அதனால் பழைய கிட்டார் ஒன்றை மடியில் மல்லாக்கக் கிடத்தித் தபேலாவாக்கினேன். உள்ளங்கையின் அடிப்பாகம் மரத்தில் ‘கும்’. விரல்நுனிகள் கம்பியில் ‘திரகிட’. பழக்கதோஷத்தில் கைக்குப் பவுடரும் போட்டுக்கொண்டேன். “ஏனுங்க, கிட்டாரு பொண்ணுப் பாக்கக் கெளம்புதுங்களா?” என்றாள் மனைவி. பவுடர் அடைத்துக் கம்பியெல்லாம் ஊமையாயின. அதைவிடப் பெரிய சிக்கல் விரலில் இருந்தது. தபேலாவில் அடித்த நொடியில் விரலை எடுத்தால்தான் நாதம் திறக்கும். கம்பியில் எடுத்தால் சத்தம் செத்துவிடும். அடித்துவிட்டு அழுத்திப் பிடிக்கவேண்டும். எடுத்தே பழகிய விரல் கேட்கவில்லை. கம்பியை மாஸ்டரின் சட்டைக் காலராக நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு விரல் விடவே மாட்டேன் என்றது.

மூன்றாம் வருட ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் அவர் கச்சேரி. மெஷின்களெல்லாம் பொட்டும் மாலையுமாக நிற்க, சூப்பர்வைசரைக் கெஞ்சிப் பத்து நிமிடம் வாங்கினேன். மாஸ்டர் மேடை ஓரத்தில் கைகட்டி நின்றார். தாளமும் பாட்டும் ஒரே மரத்திலிருந்து கிளம்பின. துணி செக்கிங் பார்க்கும் பெண்கள் விசிலடித்தார்கள். பீகார்க்காரர்கள் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடினார்கள். முதலாளியே எழுந்து நின்று கைதட்டினார். எனக்கு வெறி ஏறிவிட்டது. கம்பியை மாஸ்டரின் முதுகாக்கி வெளுத்துவிட்டேன்.

மூச்சு வாங்க நேராக அவர் முன்னால் போய் நின்றேன். மூன்று வருட வன்மத்தையும் விழுங்கிக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் நீட்டுகிறவனைப்போலக் கேட்டேன்: “எப்படிங்க மாஸ்டர்?”

அவர் கிட்டாரை வாங்கி, ஒரே ஒரு முறை சுண்டிப் பார்த்தார்.

“நாலாவது கம்பி சுருதி எறங்கிப்போச்சுங்க.”