பேரனுக்கு விட்ட ஆடு

பேரன் பிறந்த சேதி வந்த அன்றே எர்ட்டி தன் மந்தையில் நல்ல கறுப்பாடு ஒன்றைப் பிடித்து, காதில் புது வெட்டு வெட்டிவிட்டார். இனி அதுவும் அது ஈனும் குட்டிகளும் பேரனுக்கு. ஷெட்லாந்துத் தீவில் தாத்தாமார் செய்கிற முறை அது. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "என் மூக்கு அப்படியே இருக்கு பயலுக்கு!" என்று அவருக்கு வாய் ஓயவில்லை.

"அய்யோ பாவம், பிள்ளை என்ன குத்தம் பண்ணுச்சு?" என்றாள் பக்கத்து வீட்டு ஓஸ்லா. தனிக்கட்டை. காது மந்தம். வாசலில் ஆள் வந்தால் அவளுடைய நாய் ஃபிளெக்கிதான் பாவாடையை இழுத்துச் சொல்லும்.

அந்த ஜூனில் மேட்டுப் புதர்க்காட்டில், தரையில் கூடு கட்டும் ஆலா என்ற கடற்பறவையின் குஞ்சுகள் தலையில்லாமலும் காலில்லாமலும் கிடந்தன. பறவைக் காப்பகம் அது. எர்ட்டியின் ஆடுகள் அங்கே மேய்வதே காப்பகத்தார் தயவில்தான். காவலுக்கு வந்திருந்த பெத்தனி என்ற பெண், "இது நாய் வேலை" என்றாள்.

மறுநாள் விடியலில் எர்ட்டி மேட்டுக்கு ஏறினார். பேரனின் ஆடு எதையோ மென்றுகொண்டிருந்தது. வாய்க்கடையில் ஒரு குஞ்சுக்கால் துருத்திக்கொண்டிருந்தது. மண்ணில் சத்தில்லாவிட்டால் ஆடு எலும்புக்கு அலையும் என்று அவர் கேள்விப்பட்டதுண்டு. விஷயம் தெரிந்தால் மந்தையே கீழே இறங்க வேண்டியதுதான். குஞ்சுக்காலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆட்டின் வாயைச் சட்டைக் கையால் துடைத்தார்.

கீழே பெத்தனி கேட்டாள். "ஏதாச்சும் பாத்தீங்களா ஐயா?"

"ஓஸ்லா நாயப் பாத்தேன்."

நாயைக் கொன்றுவிட வேண்டும் என்று முடிவானது. ஓஸ்லா அழவில்லை. "வேத்தாள் கை வேணாம் தம்பி. உங்கிட்டன்னா அது மிரளாது. நீயே சுட்டுரு," என்றாள் எர்ட்டியிடம்.

ஃபிளெக்கி வாலை ஆட்டிக்கொண்டே அவர் பின்னால் போனது. ஒரே குண்டு.

அடுத்த வாரம் பெத்தனி மறுபடி வந்து நின்றாள். "இன்னமும் குஞ்சு செத்துக் கெடக்கு. இந்தப் பக்கம் வேற யாரு நாய் வச்சிருக்கா? நாய் இல்லன்னா அப்புறம் உங்க ஆட்டத்தான் பாக்கணும்."

"ஆடா? அது புல்லு திங்கிற சாதிம்மா!" என்று எர்ட்டி சிரித்தார். சிரித்தபடியே எழுந்து துப்பாக்கியையும் கயிற்றையும் எடுத்தார். காலடியில் படுத்திருந்த அவருடைய மந்தை நாய், மேய்ச்சலுக்குத்தான் கிளம்புகிறார் என்று துள்ளிக்கொண்டு முன்னால் ஓடியது.