கடல் பழசாகிவிட்டதாம்

இன்று பின்னேரம் மண்டைதீவு வீதியோரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்துக் கலியாணப் படக்காரர் ஒருவர் கரம்பொன் மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் படமெடுக்கக் கூட்டிவந்து, கடலோரத்து வழக்கமான கல்லில் ஏற்றி, வழக்கமான வெள்ளைக் குடையைக் கொடுத்தார்.

பொம்பிளை என்னிடம் கேட்டாள். "அப்பு, போன வருசம் என்ர அக்காவும் இப்பிடித்தான் நிண்டவவோ? எனக்கு அவவின்ர படம் மாதிரி வேண்டாம்."

"ஓம் பிள்ளை. அதே கல்லு, அதே குடை. ஒரு கம்பி மட்டும் புதுசா முறிஞ்சிருக்கு."

படக்காரருக்குக் கோபம். "நான் என்ன செய்யிறது ஐயா? இந்தக் கடல் எல்லாற்ற படத்திலயும் வந்து பழசாப் போச்சு."

பத்து வருடமாக இவர் ஒரு கல்லைத் தாண்டி அடி வைத்ததில்லை. குற்றம் கடலுக்கு.

பிறகு புது இடம் தேடுகிறேன் என்று போனுக்குள் தலையைக் கவிழ்த்தார்.

பொம்பிளை குடையைப் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மாப்பிள்ளை இரண்டு பேருடைய செருப்பையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கல்லில் நின்ற எவரிடமும் நான் கண்டதில்லை.

படக்காரர் நிமிர்ந்தபோது இருவரும் கரையேறிவிட்டார்கள். அவள் கேட்ட படம் அவருக்கு முன்னாலேயே நடந்து முடிந்திருந்தது.

அவர் இன்னும் புது இடம் தேடுகிறாராம். தெரிந்தவர்கள் கீழே எழுதிவிடுங்கள், பாவம்.